புழுங்கலரிசியும் பாடநூலும்: நோயியல் நூலைத் தேர்ந்த வரலாறு

மருத்துவம் பயிலும் மாணவர் ஒருவர் உடற்கூற்று நூலை வாங்கும்போது அதிகம் தயங்குவதில்லை. எந்த நூலை வாங்கினாலும் தொடை எலும்பு தொடை எலும்பாகவே இருக்கும். நோயியல் நூலை வாங்கும்போதுதான் தயக்கம் தொடங்குகிறது. நோயுற்ற உறுப்பு எவ்வாறு தோன்றும், நுண்ணோக்கியின் கீழ் அதன் உயிரணுக்கள் எவ்வாறு மாறியிருக்கும், அம்மாற்றம் எதனால் விளைந்தது என்னும் மூன்றையும் ஒருங்கே சொல்லவேண்டிய துறை அது. தமிழ்நாட்டார் சிலர் அதனை நோய்க்குறியியல் என்பர். நாம் இவ்வுரையில் நோயியல் என்றே வழங்குவோம். இம்மூன்றனுள் முதலிரண்டும் கண்ணால் கண்டவை. மூன்றாவது, கண்டவற்றிலிருந்து மனிதர் உய்த்துணர்ந்தது. ஆகவே ஒரு நோயியல் நூலின் ஒரு பகுதி நெடுங்காலம் நிலைத்திருக்க, மற்றொரு பகுதி பத்தாண்டுக்குள் பழுதாகிவிடவும் கூடும். எந்த நூலைத் தேர்வது என்னும் மாணவரின் வினாவுக்கு நம்மவர் வரலாற்றிலும், நாம் வாழும் இந்த நெகிரி செம்பிலான் மண்ணிலும் விடை தேட இடமிருக்கிறது. ரஹாங்கிலிருந்து சிறிது தொலைவுக்குள் நிகழ்ந்தவையும் அவ்வரலாற்றில் உள்ளன.

தமிழ் மாணவர்க்கு மேலைமருத்துவப் பாடநூல்களைத் தேர்ந்து கொடுத்தவருள் முதலில் நினைக்கத்தக்கவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். 1822இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் நகரில் பிறந்த இவர், நியூயார்க்கில் மருத்துவம் பயின்று, 1847இல் அமெரிக்க இலங்கை மிஷனின் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்தார். 1848இல் மானிப்பாயில் தம் பணியை நிறுவி அவ்வாண்டே மாணவர் சிலரைச் சேர்த்துக் கற்பிக்கத் தொடங்கினார். தொடக்கத்தில் பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. இடையில் தாயகம் சென்று 1862இல் மீண்டு வந்தவர், 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். அதற்கு அவர் கண்ட காரணம் கவனிக்கத்தக்கது. ஆங்கிலத்தில் பயின்றவர் அரசாங்க வேலை தேடி ஊரைவிட்டுப் போய்விடுகின்றனர். தமிழில் பயின்றவரே கிராமத்தில் தங்கி ஊராருக்கு மருத்துவம் செய்வர் என்று அவர் கருதினார்.

தமிழில் கற்பிக்கத் தமிழில் நூல் வேண்டுமல்லவா? கிறீன் எந்த நூல்களைத் தேர்ந்தார் என்பதே நம் பொருளுக்கு உரியது. கட்டரின் உடற்கூற்று, உடலியங்கியல், சுகாதார நூல் முதலில் வந்தது. மோன்செல் என்பாரின் மகப்பேற்று நூல் பிரசவ வைத்தியம் என்னும் பெயரில் 1857இல் வெளிவந்தது. ட்ருயிட்டின் அறுவை மருத்துவக் கைந்நூல் இரண வைத்தியம் ஆயிற்று. 1872இல் கிரேயின் உடற்கூற்று நூல் மனுஷ அங்காதிபாதம் என்றும், ஹூப்பரின் மருத்துவக் கைந்நூல் வைத்தியாகரம் என்றும் வந்தன. பின்னர்க் கெமிஸ்தம் 1875இலும், டால்டனின் உடலியங்கியல் நூல் மனுஷ சுகரணம் என்னும் பெயரில் 1883இலும் வெளிவந்தன. ஏறத்தாழ நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட இப்பணியில் அவருடைய தமிழ் மாணவர்களே மொழிபெயர்ப்பாளராகவும் உழைத்தனர். கலைச்சொல்லுக்கு முதலில் தமிழை நாடி, கிட்டாதபோது வடமொழியை நாடி, அதுவும் உதவாதபோது ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இணங்க எழுதினார். கெமிஸ்தம் என்னும் பெயரே அதற்குச் சான்று. இன்று நமக்கு அச்சொல் சிரிப்பூட்டலாம். அன்று மாணவர் நாவில் அது புழங்கியது.

இத்தேர்வில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. ட்ருயிட்டும் ஹூப்பரும் எழுதியவை பேராசிரியர்கள் தம்முள் வாதிடுதற்கு எழுதிய பெருநூல்கள் அல்ல. தனித்து நின்று நோயாளியைப் பார்க்கும் மருத்துவர் கையில் வைத்திருப்பதற்கென்றே எழுதியவை. பக்கத்தில் கேட்டுத் தெளிய மற்றொரு மருத்துவர் இல்லாத ஊரில் பணியாற்றப் போகும் மாணவர்க்கு அத்தகைய நூலே வேண்டுமெனக் கிறீன் எண்ணியிருக்கவேண்டும். உடற்கூற்றுக்கு மட்டும் அவர் பெருநூலைத் தேர்ந்தார். இலண்டனில் 1858இல் முதற்பதிப்புக் கண்ட கிரேயின் நூல் பதினான்கு ஆண்டுகளில் தமிழில் கிடைத்தது என்பது எந்த மொழிக்கும் பெருமைதரும் செய்தி.

நாம் மேலே சொன்ன பெயர்களுள் நோயியல் என்னும் தனிப்பெயர் தாங்கிய நூல் ஒன்றும் இல்லை. நோயின் இயல்பைப் பற்றிய செய்திகள் வைத்தியாகரத்துள்ளும் இரண வைத்தியத்துள்ளும் அடங்கிக் கிடந்தன. இதற்குக் கிறீனைக் குறைகூறுதல் தகாது. பெர்லினில் ருடோல்ஃப் ஃபிர்கோ உயிரணு நோயியல் என்னும் தம் நூலை வெளியிட்டதும் 1858ஆம் ஆண்டிலேதான். நோய் உயிரணுவில் நிகழும் மாற்றம் என்னும் கொள்கை அப்போதுதான் தலையெடுத்தது. இலண்டன் மாணவர்க்கென நோயியலுக்கு ஒரு கைந்நூலை 1871இல் எழுதியவரும் கிறீன் என்னும் பெயரினரே: சாரிங் கிராஸ் மருத்துவமனையைச் சேர்ந்த தாமஸ் ஹென்றி கிறீன். மானிப்பாய்க் கிறீன் வேறு, இவர் வேறு. பெயரொற்றுமை கண்டு மாணவர் மயங்கலாகாது.

ஒருவேளை அந்த நூலும் 1872இல் தமிழாக்கப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்ப்போம். ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டதாக அறிவித்தது 1882இல். வாந்திபேதிக் கிருமியைப் பற்றிக் கல்கத்தாவிலிருந்து அவர் எழுதியது 1884இல். அந்த வாந்திபேதியோ யாழ்ப்பாணத்தை மீண்டும் மீண்டும் வாட்டிய நோய்; கிறீன் தம் மாணவருடன் அதனை எதிர்த்து உழைத்தவர். அவர் வூஸ்டரில் உயிர்நீத்ததும் அதே 1884ஆம் ஆண்டு மே மாதத்தில்தான். தமிழாக்கிய நோயியல் நூல் அச்சேறிய மை உலருமுன் அதன் காரணப்பகுதி முழுவதும் மாற்றி எழுதவேண்டியதாயிருக்கும். ஆங்கிலப் பதிப்பு நான்கைந்து ஆண்டுக்கொருமுறை திருத்தம் பெறும். மொழிபெயர்ப்போ ஒரே பதிப்பில் உறைந்து நின்றுவிடும். மனுஷ அங்காதிபாதம் உறைந்து நின்றாலும் பெரிதாக எவருக்கும் தீங்கில்லை. உறைந்து நிற்கும் நோயியல் நூல் நோயாளிக்குத் தீங்கு செய்யும். தமிழில் மருத்துவ நூல்கள் வேண்டும் என்று பேசுவோர் இவ்வேறுபாட்டை மனத்திற்கொள்ளாமல் பேசுவது நமக்கு வருத்தமே. முதற்பதிப்பை ஆக்குவோர் பலர் கிடைப்பர். இரண்டாம் பதிப்பைத் திருத்துவோர் யார் என்னும் வினாவே கடினமானது.

ஆங்கிலம் கற்றவர் ஊரைவிட்டுப் போய்விடுவர் என்னும் கிறீனின் அச்சம் பொய்க்கவில்லை. அவ்வாறு போனவர் பலர் வந்து சேர்ந்த இடங்களுள் ஒன்று மலாயா. யாழ்ப்பாணத்துத் தமிழர் இங்கே இருப்புப்பாதையிலும் அரசாங்க அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் பணியேற்றனர். தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர் ரப்பர்த் தோட்டங்களில் குடியேறினர். சிரம்பானைச் சூழ்ந்த தோட்டப்புறங்களில் நோயுற்ற தொழிலாளியை முதலில் பார்த்தவர் டிரெசர் எனப்பட்ட மருத்துவ உதவியாளரே. மலேரியாவும் கொக்கிப்புழுவும் வயிற்றுப்போக்கும் அவருக்கு அன்றாடம். அக்காலத்து மற்றொரு பெருநோய் பெரிபெரி. கால் மரத்துப்போய், நடை தளர்ந்து, உடல் வீங்கி, இதயம் பெருத்து இறக்கும் நோய் அது. சீனத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் அதற்குப் பலியாயினர்.

அந்நாளில் வெப்பமண்டல நோய்களுக்கு முதன்மையான நூல் பேட்ரிக் மேன்சன் 1898இல் வெளியிட்டது. மேன்சன் சிறந்த மருத்துவர். யானைக்கால் நோயின் புழுவைக் கொசு ஏந்துகிறது எனக் கண்டவர். அவர் பெரிபெரியை ஓர் இடத்தைப் பற்றிய நோய் எனக் கருதினார். நிலத்திலோ கட்டடத்திலோ வாழும் ஒரு கிருமி நஞ்சை வெளியிடுகிறது, அங்கே வாழ்வோரை அது தாக்குகிறது என்பது அவர் கொள்கை. கோலாலம்பூரில் 1900இல் தோன்றிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட்டும் அது தொற்றுநோயே என்றார். ஆக, 1905இல் சிங்கப்பூரில் மருத்துவப் பள்ளி திறந்தபோது அங்கே சேர்ந்த மாணவர் மிகச்சிறந்த நூலைத் தேடி வாங்கியிருந்தாலும், மிக உயர்ந்த ஆய்வாளரிடம் போய்க் கேட்டிருந்தாலும், பெரிபெரியின் காரணத்தைத் தவறாகவே கற்றிருப்பார்.

சரியான தடயம் சிரம்பானில் கிடைத்தது. நெகிரி செம்பிலான் மாநிலத்தின் தலைமை அரசு மருத்துவராக இருந்த லெனார்ட் பிராடன், ஒரே ஊரில் ஒரே காற்றையும் நீரையும் கொண்டு வாழும் மூவினத்தாருள் சீனர்க்கே பெரிபெரி மிகுதியாக வருவதைக் கண்டார். மலாய்க்காரர் தம் வயலில் விளைந்த நெல்லை அவ்வப்போது குத்தி உண்டனர். தமிழர் புழுங்கலரிசி உண்டனர். சீனத் தொழிலாளர் ஆலையில் தீட்டிக் கப்பலில் வந்த வெள்ளரிசியை உண்டனர். இனமும் இடமும் காரணமல்ல, அரிசியே காரணம் என்று அவர் தம் நூலில் 1907இல் வாதிட்டார்.

நம் பாட்டிமார் நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்திக் குத்திய முறையில் நிகழ்வது இதுதான்: தவிட்டிலும் முளையிலும் உள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்து நீரோடும் வெப்பத்தோடும் அரிசியின் உள்ளே ஊடுருவிச் சேர்கிறது. பிறகு எவ்வளவு தீட்டினும் ஒரு பகுதி எஞ்சுகிறது. பச்சையாகத் தீட்டிய அரிசியில் அது தவிட்டோடு போய்விடுகிறது. தோட்டத்துத் தமிழரின் வாழ்வு நலமாக இருந்தது என்று இதனால் எவரும் கொள்ளவேண்டா. மலேரியா அவர்களைக் கொள்ளைகொண்டது. இந்த ஒரு நோயிலிருந்து மட்டும் அவர்களைக் காத்தது சோற்றுப்பானை.

ஆயினும் பிராடன் முழுமையாகச் சரியானவர் அல்லர். தீட்டிப் பழகிப்போன அரிசியில் பூஞ்சணம் போன்ற ஒன்று நஞ்சை உண்டாக்குகிறது என அவர் நினைத்தார். நஞ்சு ஒன்று சேர்வதால் அன்றி, வேண்டுவது ஒன்று குறைவதாலும் நோய் வரும் என்னும் எண்ணம் அப்போது மருத்துவர் மனத்தில் வேர்விடவில்லை. ஜாவாவில் எய்க்மன் கோழிகளைக் கொண்டு செய்த ஆய்வு 1897இலேயே வெளிவந்திருந்தும் அவரும் முதலில் நஞ்சையே நினைத்தார். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் ஃபிளெட்சர் 1905இல் நோயாளரை இரு பிரிவாக்கி ஒரு பிரிவுக்குச் சயாம் வெள்ளரிசியும் மறுபிரிவுக்கு இந்தியப் புழுங்கலரிசியும் கொடுத்தார். வெள்ளரிசிப் பிரிவில் பெரிபெரி பரவிப் பலர் இறந்தனர். பின்னர் ஹென்றி ஃபிரேசரும் தாமஸ் ஸ்டான்டனும் 1907இல் இதே நெகிரி செம்பிலானின் காட்டுப்பகுதியான டுரியான் திப்புஸில் சாலை அமைத்த முந்நூறு ஜாவானியத் தொழிலாளரிடையே ஆய்வு செய்தனர். புதிதாகத் திருத்திய காடு, புதிய குடிசைகள். இடத்தைப் பற்றிய நோய் என்பதற்கு அங்கே வழியே இல்லை. வெள்ளரிசி உண்ட பிரிவில் சில மாதங்களில் பெரிபெரி தோன்றியது. அரிசியை மாற்றியதும் நின்றது. அவர்கள் மேலும் ஆய்ந்து, தீட்டும்போது இழக்கப்படும் பொருளிலேயே காரணம் உள்ளதெனக் காட்டினர்.

இவ்வாய்வுகளில் நோயாளரும் தொழிலாளரும் உடன்பட்டனரா என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. இன்றைய ஆய்வு நெறி அவற்றை ஏற்காது. பாடநூலில் ஒரு வரியாகச் சுருங்கிப்போகும் உண்மைக்குப் பின்னே டுரியான் திப்புஸின் கூலிகள் நிற்கின்றனர். ஆசிரியர் இதனை மாணவர்க்குச் சொல்லவேண்டும் என்பது நம் கருத்து.

அந்தச் சத்தைத் தனியே பிரித்தெடுத்தவர்கள் 1926இல் ஜாவாவில் பணியாற்றிய யான்சனும் டோனத்தும். ஆய்வுக்கூடத்தில் ஆக்கியவர் ராபர்ட் வில்லியம்ஸ், 1936இல். அவர் பிறந்த ஊர் நெல்லூர். நெல்லால் பெயர்பெற்ற ஊரில் பிறந்தவர் நெல் இழந்த சத்தை மீட்டார் என்பது தற்செயலே. எனினும் தமிழ் வகுப்பில் சொல்லத்தக்க தற்செயல்.

இவ்வரலாற்றைக் கையில் வைத்துக்கொண்டு பாடநூல்களைப் பார்ப்போம். பெரிபெரியால் இறந்தவரின் வீங்கிய இதயத்தையும் சிதைந்த நரம்புகளையும் பழைய மருத்துவர் எழுதிவைத்த வருணனை இன்றும் பயன்படுகிறது. அதே பக்கத்தில் அவர்கள் எழுதிய காரணம் பயனற்றுப் போயிற்று. கண்டதையும் கருதியதையும் ஒரே குரலில், ஒரே உறுதியோடு சொல்லும் நூலே மாணவர்க்கு இடர். எது கண்டது, எது கருதியது, கருதியதற்குச் சான்று எது எனப் பிரித்துக்காட்டும் நூல் தவறாக இருந்தாலும் மாணவரைக் கெடுக்காது.

இருபதாம் நூற்றாண்டில் ஆங்கிலம் வழிப் பயின்ற நாடுகளில் மாணவர் கையில் மாறிமாறி வந்த நூல்களை இவ்வளவையால் நோக்கலாம். கிளாஸ்கோவில் ராபர்ட் மியூர் 1924இல் வெளியிட்ட நூல் கண்டதைக் கட்டுப்பாட்டோடு சொல்வது. பிரிட்டிஷ் முறையில் பயின்றவர் பலர்க்கு அதுவே முதல்நூல். ஸ்காட்லாந்தில் பிறந்து கனடாவில் பணியாற்றிய வில்லியம் பாய்டின் நூல் 1932இல் வந்தது. பாய்டு எழுத்தாளர், அவர் நூலைக் கதைபோல் படிக்கலாம். பாஸ்டனில் ஸ்டான்லி ராபின்ஸ் 1957இல் எழுதிய நூல் உறுப்பின் மாற்றத்தையும் நோயாளியின் துன்பத்தையும் இணைத்துக் காட்டியது. 1974இல் அது நோயின் நோயியல் அடிப்படை என்னும் கருத்துடைய புதுப்பெயர் பெற்றது. 1984இல் வந்த மூன்றாம் பதிப்பில், இந்தியாவில் மருத்துவம் பயின்ற வினய் குமார் ஆசிரியருள் ஒருவரானார். இன்று நம் மாணவர் பெரிய ராபின்ஸ், சிறிய ராபின்ஸ் என்று சொல்வது இதன் முழுநூலையும் சுருக்கநூலையும். இந்தியாவில் ஹர்ஷ் மோகன் எழுதிய நூலும் பலரிடம் உண்டு. அது தேர்வுக்கு எளிது. வினாவுக்கு விடை தேடுவோர்க்கு வரிசைப்பட்ட தலைப்புகள் உதவும். ஆனால் ஏன் என்று மேலும் கேட்பவர் பெரிய ராபின்ஸையே திறக்கவேண்டியிருக்கும். தேர்வுக்கு ஒரு நூல், ஐயம் தீர்க்க ஒரு நூல் என்று இரண்டு வைத்திருப்பதில் குற்றமில்லை. சுருக்கநூலையே ஐயம் தீர்க்கும் நூலாகக் கொள்வதில்தான் குற்றம்.

இவையெல்லாம் பழங்கதை, இன்றைய நூல்கள் பிழைபடா என்று மாணவர் சிலர் எண்ணக்கூடும். அவர்களுக்குச் சுங்கை நிப்பாவை நினைவூட்டுவோம். 1998 செப்டம்பரில் ஈப்போ வட்டாரத்தில் பன்றிப் பண்ணைகளில் வேலைசெய்தோர்க்கு மூளைக்காய்ச்சல் கண்டது. பன்றிகள் இடம்பெயர்க்கப்பட, நோய் நெகிரி செம்பிலானுக்கும் வந்து, சிரம்பானை அடுத்த சிக்காமாட்டிலும் புக்கிட் பெலாண்டோக்கிலும் பரவியது. பாடநூல் சொன்ன விடை தயாராக இருந்தது: பன்றியும் கொசுவும் உள்ள இடத்தில் மூளைக்காய்ச்சல் எனில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல். கொசுமருந்து புகைத்தனர், தடுப்பூசி போட்டனர். ஆயினும் தடுப்பூசி போட்டவரும் நோயுற்றனர். கொசு கடிக்கும் சிறுவர் தப்ப, பன்றியைத் தொட்டு வேலைசெய்த வயதுவந்த ஆடவரே வீழ்ந்தனர். பன்றிகளும் இருமி மடிந்தன. இவை நூலோடு பொருந்தாத செய்திகள். பொருந்தாமையைப் பொருட்படுத்தியவர் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா கா பிங். 1999 மார்ச்சில் அவர் பிரித்தெடுத்த வைரசு முன்னர் எந்த நூலிலும் இல்லாதது. நோயாளியின் ஊரான சுங்கை நிப்பாவின் பெயரே அதற்கு வந்தது. மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் மாண்டனர். ஏறத்தாழப் பத்து இலட்சம் பன்றிகள் அழிக்கப்பட்டன.

இந்நோயில் இறந்தோரின் உறுப்புகளை ஆய்ந்து, சிறு இரத்தக்குழாய்களின் சுவர் அழற்சியுற்று மூளையில் நுண்ணிய சிதைவுகள் தோன்றுவதை விளக்கியவர்களும் மலாயாப் பல்கலைக்கழகத்து நோயியலார் கே. டி. வோங்கும் அவரோடு உழைத்தோரும். 2002இல் அக்கட்டுரை அமெரிக்க நோயியல் இதழில் வந்தது. 1998இல் அச்சான நோயியல் நூலை இன்றும் தமையனிடமிருந்தோ பழைய புத்தகக் கடையிலிருந்தோ பெற்றுப் படிக்கும் மாணவர், தம் வீட்டிலிருந்து சில மைல் தொலைவில் நூறு பேரளவில் கொன்ற நோயின் பெயரை அதில் காணமாட்டார். விலை மலிவு என்பது ஏழை மாணவர்க்குப் பெரிய காரணம் என்பதை நாம் அறிவோம். அவ்வாறாயின் பழைய பதிப்பை உறுப்புகளின் தோற்றத்துக்கும் திசு மாற்றத்துக்கும் வைத்துக்கொள்க. தொற்றுநோய்க்கும் புற்றுநோய்க்கும் மரபுநோய்க்கும் நூலகத்தின் புதிய பதிப்பைத் திறக்க.

நூலைத் தேரும் மாணவர் கடையில் நின்று புரட்டும்போது பொருளடக்கத்தைப் பார்ப்பதைவிட நம் நாட்டு நோய்கள் சிலவற்றைப் பார்ப்பது நலம். தலசீமியாவுக்கு எத்தனை பக்கம்? தென்சீன வழிவந்தோர்க்கு மிகுதியாக வரும் மூக்குத்தொண்டைப் புற்றுநோயைப் பற்றி என்ன சொல்கிறது? மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமியால் வரும் மெலியோயிடோசிஸ் இருக்கிறதா? அந்நோயை ரங்கூனில் முதலில் விவரித்தவர்கள் விட்மோரும் அவருடைய உதவியாளர் கிருஷ்ணசாமியும், 1911, 1912ஆம் ஆண்டுகளில். நோய்க்கு விட்மோர் பெயர் வழங்கியது. கிருஷ்ணசாமி பெயரை எவரும் வழங்கவில்லை. பாஸ்டனில் எழுதிய நூலில் இவற்றுக்கு இடம் குறைவாக இருப்பது இயல்பே; அந்நூலார் தம் முன் வந்த நோயாளரைக் கொண்டு எழுதுகின்றனர். ட்ருயிட்டைத் தேர்ந்தபோது கிறீன் யாழ்ப்பாணத்து நோயாளியை நினைத்தார். நம் மாணவர் நினைக்கவேண்டிய நோயாளி ரஹாங்கிலும் ஜெலுபுவிலும் போர்ட்டிக்சனிலும் இருக்கிறார்.

ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள். புதிய பதிப்பு வந்ததும் பழையதை நூலகத்திலிருந்து கழித்துவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. ஒரு படியையேனும் விட்டுவையுங்கள். பெரிபெரி என்னும் தலைப்பை 1898ஆம் ஆண்டின் நூலிலும் இவ்வாண்டின் நூலிலும் எடுத்து, இரண்டையும் ஒரே மேசையில் வைத்து, எந்த வாக்கியம் நின்றது, எந்த வாக்கியம் போனது என்று மாணவரை அடிக்கோடிடச் சொல்லுங்கள். ஒரு பாடவேளை போதும்.